குளிர்காலத்துல பாய்லர் நின்னா என்ன செய்றது? கேஸா, ஹீட் பம்பா... பிரிட்டன் வீடுகளைக் குழப்பும் கணக்கு!

பாய்லர் என்றதும் நமக்கு டீக்கடை ஞாபகம் வரும். பிரிட்டனில் பாய்லர் என்றால் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் ஒரு வெள்ளைப் பெட்டி. கேஸை எரித்துத் தண்ணீரைச் சூடாக்கி, அறைக்கு அறை இருக்கும் ரேடியேட்டர்களுக்கு அனுப்பும். குழாயில் வெந்நீர் வருவதும் பெரும்பாலும் இதனால்தான். ஜனவரி மாதக் குளிரில் இது நின்றுபோனால், வீட்டுக்குள்ளேயே ஸ்வெட்டர், கோட்டு போட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

ஒரு பாய்லரின் ஆயுள் 10 முதல் 15 வருஷம். முன்பெல்லாம் பழசு போனால் புதுசு, அவ்வளவுதான். இப்போது அப்படி இல்லை. "மறுபடியும் கேஸ் பாய்லரே வாங்கலாமா? இல்ல, ஹீட் பம்புக்கு மாறிடலாமா?" என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டுக்கும் வருகிறது. இதில் தப்பாக முடிவெடுத்தால் பல ஆயிரம் பவுண்டு நஷ்டம். வேலைக்காகப் போய் அங்கே வீடு வாங்கியிருக்கும் நம்மவர்களுக்கும் இதே கேள்விதான். குளிர்காலம் நெருங்கும் நேரத்தில் விவரமாகப் பார்ப்போம்.

ஏன் இது அரசியல் ஆனது?

பிரிட்டனில் பெரும்பாலான வீடுகள் கேஸை நம்பித்தான் இருக்கின்றன. 2022-ல் உக்ரைன் மீது ரஷ்யா போர் தொடுத்தபோது கேஸ் விலை எகிறியது. 2023 ஜனவரியில் ஒரு சராசரி வீட்டின் வருடாந்தர கேஸ், கரன்ட் பில்லுக்கான வரம்பு 4,279 பவுண்டு என்ற நிலைக்குப் போனது. அரசு தலையிட்டு அதை 2,500 பவுண்டு அளவில் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

இன்னொரு பக்கம், 2050-க்குள் கார்பன் வெளியேற்றத்தை நிகர பூஜ்ஜியமாக்குவோம் என்று அந்த நாடு சட்டமே போட்டிருக்கிறது. இன்று மாட்டும் கேஸ் பாய்லர் 2040 வரைக்கும் ஓடலாம். அதனால்தான் ஒரு வீட்டின் சமையலறை முடிவு, நாட்டின் முடிவாகவும் ஆகிவிடுகிறது.

கேஸ் பாய்லருக்குத் தடை வருதா?

வராது. பலரைக் குழப்புவது இந்த விஷயம்தான்.

2021-ல் போரிஸ் ஜான்சன் அரசு, 2035-க்குப் பிறகு புது கேஸ் பாய்லர் விற்பனையை நிறுத்துவதே நோக்கம் என்றது. 2028-க்குள் ஆண்டுக்கு 6 லட்சம் ஹீட் பம்ப் என்ற இலக்கையும் வைத்தது. 2023 செப்டம்பரில் ரிஷி சுனக் வேகத்தைக் குறைத்தார். ஆனால் ஹீட் பம்புக்கான மானியத்தை 5,000 பவுண்டிலிருந்து 7,500 ஆக உயர்த்தினார். 2024-ல் ஆட்சிக்கு வந்த லேபர் கட்சியும், யாருடைய பாய்லரையும் கட்டாயப்படுத்திப் பிடுங்க மாட்டோம் என்று தேர்தல் அறிக்கையிலேயே சொல்லியிருந்தது.

அதாவது மக்களுக்குக் கட்டாயம் இல்லை, அழுத்தம் முழுக்க கம்பெனிகளுக்கு. 2025 ஏப்ரலில் தொடங்கிய முதல் வருஷத்தில், பெரிய பாய்லர் தயாரிப்பாளர்கள் தங்கள் பாய்லர் விற்பனையில் 6% அளவுக்கு ஹீட் பம்ப் விற்றாக வேண்டும் என்று விதி வந்தது. அந்த வருஷம் குறையும் ஒவ்வொன்றுக்கும் 500 பவுண்டு கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். இந்த விதி முதலில் 2024-லேயே வர வேண்டியது. அப்போது சில கம்பெனிகள் 'பாய்லர் வரி' என்று சொல்லி விலையை ஏற்ற, சர்ச்சையாகி ஒரு வருஷம் தள்ளிப்போனது.

ஹீட் பம்ப்னா என்ன?

நம்ம வீட்டு ஸ்ப்ளிட் ஏ.சி-யைத் திருப்பிப் போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி, அறைக்குள் இருக்கும் சூட்டை எடுத்து வெளியே தள்ளும். ஹீட் பம்ப், வெளிக்காற்றில் இருக்கும் கொஞ்ச சூட்டையும் இழுத்து வீட்டுக்குள் கொண்டுவரும். வெளியே உறைபனி இருந்தாலும் வேலை செய்யும். ஏனென்றால் அதற்குள் ஓடும் குளிர்பதனப் பொருள் காற்றைவிடக் குளிர்ச்சியானது.

கேஸ் பாய்லரில் 1 யூனிட் கேஸ் போட்டால் சுமார் 0.9 யூனிட் சூடு கிடைக்கும். ஹீட் பம்பில் 1 யூனிட் கரன்ட் போட்டால் சுமார் 3 யூனிட் சூடு கிடைக்கும். காரணம், அது சூட்டை உற்பத்தி செய்வதில்லை, இடம் மாற்றுகிறது.

ஆனால் ஒரு கண்டிஷன். ஹீட் பம்ப் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க அனுப்பாது. 45 டிகிரி, 50 டிகிரி என்ற அளவில் நாள் முழுக்க நிதானமாக ஓடும்போதுதான் லாபம். அதற்கு ரேடியேட்டர்கள் பெரிதாக இருக்க வேண்டும், வீட்டுக்குள் இருக்கும் சூடு வெளியே கசியக் கூடாது, வெந்நீர் டேங்க் வைக்கவும் இடம் வேண்டும். சின்ன ஃப்ளாட்களில் சிக்கலே இங்கேதான்.

செலவு எவ்வளவு?

பழைய பாய்லரை எடுத்துவிட்டு அதே மாதிரி புதுசு மாட்ட, பொதுவாக 2,000 முதல் 3,500 பவுண்டு ஆகும். இந்திய மதிப்பில் தோராயமாக இரண்டரை லட்சத்திலிருந்து 4 லட்சம் ரூபாய். ஹீட் பம்புக்கு சுமார் 13,000 பவுண்டு ஆகலாம். இங்கிலாந்து, வேல்ஸில் 7,500 பவுண்டு மானியம் போக மீதி சுமார் 5,500 பவுண்டு. மானியத்துக்கு நீங்கள் அலைய வேண்டியதில்லை. பொருத்தும் நிறுவனமே விண்ணப்பித்து பில்லில் கழித்துவிடும்.

அடுத்தது மாதா மாதம் வரும் செலவு. 2025 ஜூலை - செப்டம்பர் காலத்துக்கு ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்ஜெம் வைத்த சராசரி உச்ச விலை: கரன்ட் யூனிட்டுக்கு 25.73 பென்ஸ், கேஸ் யூனிட்டுக்கு 6.33 பென்ஸ். கரன்ட் நான்கு மடங்கு விலை.

ஒரு நடுத்தர வீடு வருஷத்துக்கு 11,500 யூனிட் கேஸ் செலவழிக்கிறது என்று வைப்போம். தினமும் கட்ட வேண்டிய நிலைக்கட்டணமான சுமார் 30 பென்ஸையும் சேர்த்தால் வருஷத்துக்கு ஏறக்குறைய 837 பவுண்டு. அதே சூட்டை 3 மடங்கு திறனில் ஓடும் ஹீட் பம்ப் தர சுமார் 888 பவுண்டு ஆகும். திறன் 3.5 மடங்கு என்றால் 761 பவுண்டுதான்.

புரிகிறதா? நன்றாகப் பொருத்தினால் மிச்சம், ஏனோதானோ என்று பொருத்தினால் நஷ்டம். இயந்திரத்தின் பிராண்டைவிட, அதைப் பொருத்துபவரின் திறமைதான் பில்லைத் தீர்மானிக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தோசைக்கும் சப்பாத்திக்கும் கேஸ் அடுப்பு இருந்தே ஆகணும் என்றால், கேஸ் இணைப்பை வெட்ட முடியாது. அப்போது வருஷத்துக்கு சுமார் 109 பவுண்டு நிலைக்கட்டணம் தொடரும். 761 பவுண்டு கணக்கும் 870 ஆகி, மிச்சம் காணாமல் போய்விடும். ஹீட் பம்புக்கென்று சில நிறுவனங்கள் தரும் சலுகை கட்டணத் திட்டத்தில் சேர்ந்தால் இந்தக் கணக்கு மறுபடி மாறும்.

கரன்ட் ஏன் இவ்வளவு விலை?

அங்கே மின்சாரத்தின் மொத்த விலையைப் பல நேரங்களில் நிர்ணயிப்பது கேஸில் ஓடும் மின்நிலையங்கள். அதோடு, பசுமைத் திட்டங்களுக்கான கூடுதல் கட்டணங்களும் கேஸ் பில்லைவிட கரன்ட் பில்லில்தான் அதிகம் ஏற்றப்பட்டிருக்கின்றன. 'கேஸை விடுங்கள், கரன்ட்டுக்கு மாறுங்கள்' என்று சொல்லிக்கொண்டே கரன்ட்டின் மேல் பாரத்தை வைத்தால் மக்கள் எப்படி மாறுவார்கள்? 2024-ல் விற்ற ஹீட் பம்புகள் கிட்டத்தட்ட 1 லட்சம்தான். இலக்கோ 6 லட்சம். மானியத்தை மட்டும் வைத்து இந்த இடைவெளியை அடைக்க முடியாது.

மறுபடியும் கேஸ்தான் என்றால்?

அதிலும் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன.

* வகை: டேங்க் இல்லாமல் உடனுக்குடன் வெந்நீர் தருவது காம்பி. ஒரு பாத்ரூம் வீட்டுக்கு இது போதும். ஒரே நேரத்தில் 2 பேர் குளிக்கும் வீடு என்றால் டேங்க் வைத்த சிஸ்டம் பாய்லர் நல்லது.

* அளவு: பெருசா வாங்கினால் நல்லது என்பது தப்பு. வீட்டைச் சூடாக்க பல வீடுகளுக்கு 10 கிலோவாட்டுக்குள்ளேயே போதும். அளவுக்கு மிஞ்சிய பாய்லர் அடிக்கடி ஆன், ஆஃப் ஆகி கேஸை வீணாக்கும். வீட்டின் வெப்ப இழப்பைக் கணக்கிட்டீர்களா என்று பொருத்த வருபவரிடம் கேளுங்கள்.

* 'ஹைட்ரஜன்-ரெடி': இந்த வார்த்தைக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். கேஸுக்குப் பதில் ஹைட்ரஜனை வீடுகளுக்கு அனுப்பிப் பார்க்கும் விட்பி, ரெட்கார் திட்டங்கள் இரண்டும் 2023-ல் கைவிடப்பட்டன.

* சூடு: இப்போது வரும் பாய்லர்கள் 'கண்டென்சிங்' வகை. ரேடியேட்டரைச் சுற்றித் திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் முழுத் திறனும் கிடைக்கும். பல வீடுகளில் 70, 80 டிகிரியில் வைத்தபடியே விட்டுவிடுகிறார்கள். காம்பி என்றால் 60-க்குக் குறைத்தாலே கேஸ் மிச்சம். டேங்க் இருந்தால் அதிலுள்ள தண்ணீர் 60 டிகிரியைத் தொட்டாக வேண்டும். இல்லையென்றால் லெஜியோனெல்லா பாக்டீரியா வளரும் ஆபத்து உண்டு.

* ஆள்: 'கேஸ் சேஃப்' பதிவேட்டில் உள்ளவர் மட்டுமே கேஸ் பாய்லரைத் தொடலாம். அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். தப்பாகப் பொருத்தினால் கார்பன் மோனாக்சைடு கசியும். அதற்கு வாசனையே கிடையாது, உயிரையே எடுத்துவிடும்.

வாடகை வீடா?

அப்படியென்றால் முடிவும் செலவும் உங்களுடையது அல்ல. பொதுவான வாடகை ஒப்பந்தங்களில் ஹீட்டிங், வெந்நீர் வசதிகளைச் சரிசெய்து தருவது வீட்டு உரிமையாளரின் சட்டக் கடமை. வருஷத்துக்கு ஒருமுறை கேஸ் பாதுகாப்புச் சோதனை செய்து சான்றிதழும் தர வேண்டும். கேட்கத் தயங்க வேண்டாம்.

அப்போ எதை எடுப்பது?

சொந்தத் தனி வீடு, வெளியே யூனிட் வைக்க இடம், சூடு கசியாத சுவர், கையில் கொஞ்சம் சேமிப்பு... இவை இருந்தால் ஹீட் பம்புக்கு விலை கேட்டுப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. இங்கிலாந்தில், பக்கத்து வீட்டு எல்லையிலிருந்து 1 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்ற விதியும் 2025 மே மாதம் நீக்கப்பட்டுவிட்டது. சின்ன ஃப்ளாட், சில வருஷத்தில் வீடு மாறும் எண்ணம், கையில் பணம் இல்லை என்றால், சரியான அளவில் ஒரு காம்பி வாங்குவதில் தப்பில்லை.

ஆனால் இரண்டில் எதுவானாலும், பாய்லர் நின்ற பிறகு யோசிக்க ஆரம்பித்தால் முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்று அர்த்தம். கேஸ் பாய்லரை ஓரிரு நாளில் மாட்டிவிடலாம். ஹீட் பம்புக்கு அளவெடுப்பு, மானிய விண்ணப்பம், ரேடியேட்டர் மாற்றம் என்று வாரக்கணக்கில் ஆகும். குளிரில் குழந்தை நடுங்கும்போது யாரும் வாரக்கணக்கில் காத்திருக்க மாட்டார்கள்.

உங்கள் பாய்லருக்கு 10 வயது தாண்டிவிட்டதா? அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, இந்த மாசமே ரெண்டு மூணு பேரிடம் விலை கேட்டு வையுங்கள்.