பியூஸ் போகலைன்னா ஆபத்து இல்லையா? வாளியில் ஹீட்டர் போடுறவங்க உஷார்!

கருவேப்பிலங்குறிச்சி:

விருத்தாசலம் என்றாலே பீங்கான்தான் ஞாபகத்துக்கு வரும். பொம்மை, அகல் விளக்கு மட்டுமல்ல, மெயின் போர்டில் மாட்டும் வெள்ளை பியூஸ் கட்டையும் இந்த ஊர் சூளையில் வெந்து வெளியூர் போன சரக்குதான். கருவேப்பிலங்குறிச்சி போன்ற சுற்றுவட்டார ஊர்களில் பழைய வீடுகளுக்கு இன்னமும் அந்த பியூஸ் கட்டைதான் காவல்.

ஆனால் அந்தக் காவல் யாருக்கு? வயருக்கா, மனுஷனுக்கா? இதில்தான் பலரும் ஏமாந்து போகிறார்கள்.

மார்கழி குளிர் வந்துவிட்டால் சந்தையில் ஹீட்டர் ராடு விற்பனை சூடு பிடிக்கும். கேஸ் விலையைப் பார்த்து பயந்த குடும்பங்கள், வாளித் தண்ணீரில் ராடைத் தொங்கவிட்டு சுவிட்சைப் போட்டு விடுகின்றன. "ஷாக் அடிச்சா பியூஸ் போயிடும்ல" என்று ஒரு தைரியம். அந்த தைரியம் தப்பு.

பியூஸ் ஏன் போகாது?

வீட்டுக்கு வரும் கரண்ட் 230 வோல்ட். 1,500 வாட்ஸ் ராடு சுமார் ஆறரை ஆம்பியர் இழுக்கும். ஆனால் மனித உடம்பில் 30 மில்லி ஆம்பியருக்கு மேல் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. 5 ஆம்பியர் பியூஸ் என்பது 5,000 மில்லி ஆம்பியர். அதாவது ஆளைக் கொல்லும் கரண்டைப்போல 160 மடங்குக்கு மேல் பாய்ந்தால்தான் பியூஸ் கம்பி உருகவே ஆரம்பிக்கும். அதற்குள் எல்லாம் முடிந்து போகும்.

பியூஸ் வயர் எரியாமல் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்றாது. அதிலும் "அடிக்கடி போகுது" என்று தடிமனான செம்புக் கம்பியை முறுக்கி வைத்தால் வயரையும் காப்பாற்றாது.

ராடுக்குள் என்ன இருக்கு?

வெளியே தெரிவது உலோகக் குழாய். உள்ளே சூடாகும் கம்பிச் சுருள். இரண்டும் ஒட்டாமல் இருக்க நடுவே மக்னீசியம் ஆக்சைடு பொடி அடைத்திருப்பார்கள். இதுவும் பீங்கான் இனம்தான். போர் தண்ணீர் உப்பு ராடின் மேல் படிந்தாலும், தண்ணீர் இல்லாமல் சுவிட்ச் போட்டாலும் குழாய் அளவுக்கு மீறிச் சூடாகி வெடிப்பு விடும். வெடிப்பில் ஈரம் புகுந்தால் பொடி கரண்டைத் தடுக்காது. தண்ணீரிலேயே கரண்ட் இறங்கிவிடும். தண்ணீர் மட்டும் வழக்கம்போல சுடும். பார்த்தால் ஒன்றும் தெரியாது.

வெளிநாட்டு பீர் பானைக்கும் இதே கதை

அமெரிக்காவில் 1978-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு வீட்டிலேயே பீர் காய்ச்சுபவர்கள் பெருகினார்கள். அவர்களில் கரண்டில் காய்ச்சுபவர்களின் பானையில் இருப்பதும் இதேபோன்ற ஹீட்டர்தான். ஈரமும் கரண்டும் ஒரே இடத்தில் புழங்குவதால், எர்த்தும் கசிவு கரண்டைக் கண்டுபிடிக்கும் கருவியும் இல்லாமல் சுவிட்சைத் தொடாதே என்பதுதான் அங்கே முதல் பாடம். நம்மூரில் 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி அனுமதி இல்லாமல் மது காய்ச்சுவது குற்றம். வீடியோ பார்த்து யாரும் இறங்க வேண்டாம். ஆனால் அந்தப் பாடம் நம்ம வாளிக்கும் பொருந்தும்.

அந்தக் கருவியின் பெயர் ஆர்சிசிபி. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வித்தியாசம் வந்தால் கண் இமைக்கும் நேரத்தில் கட் செய்துவிடும். வீட்டு இணைப்புகளில் கசிவு வரம்பு 30 மில்லி ஆம்பியரைத் தாண்டக்கூடாது என்று மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு விதிகளும் சொல்கின்றன.

அது இருந்தாலும் எம்சிபி அல்லது சரியான பியூஸ், எர்த் மூன்றும் வேண்டும். பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒரே ஆள் சேர்த்துத் தொட்டால் ஆர்சிசிபிக்குத் தெரியாது.

அடிக்கடி டிரிப் ஆகுதா?

"இது தொல்லை" என்று ஆர்சிசிபியை நேரடியாக இணைத்து விடுவதுதான் பெரிய தப்பு. ஹீட்டர் பிளக்கைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள். நின்றால் கோளாறு ராடில். அதைத் தூக்கிப் போடுவதுதான் நல்லது. எல்லா பிளக்கையும் கழற்றிய பிறகும் டிரிப் ஆனால் வயரிங்கில் கசிவு இருக்கலாம். வயர்மேனை அழைத்து மெக்கர் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஆர்சிசிபியில் 'டி' என்ற பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது அவசியம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை:

* ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ராடு, எர்த்துடன் கூடிய 16 ஆம்பியர் மூன்று பின் பிளக். இரண்டு பின் அடாப்டர் கூடாது.

* ராடைத் தண்ணீரில் வைத்த பிறகே சுவிட்ச். ஆப் செய்து, பிளக்கையும் கழற்றிய பிறகே தண்ணீரில் கை.

* இரும்பு வாளி கசிவு கரண்டைக் கைக்குக் கொண்டுவரும். பிளாஸ்டிக் வாளி ராடு பட்டால் உருகும்.

* டெஸ்டர் எரியலைன்னு நம்பி கை வைக்காதீங்க.

* யாருக்காவது ஷாக் அடித்தால் முதலில் மெயினை ஆப் செய்யுங்கள். வெறும் கையால் இழுக்காதீர்கள். உடனே 108.

வாடகை வீட்டில்தான் சிக்கல் அதிகம். எர்த் போட வேண்டியவர் வீட்டு உரிமையாளர். வாளியில் கை விடுவது குடியிருப்பவர். அட்வான்ஸ் கொடுக்கும்போதே "எர்த் இருக்கா, ஆர்சிசிபி இருக்கா?" என்று கேட்பதில் வெட்கம் எதற்கு? கருவியின் விலை கொத்தனாரின் சில நாள் கூலிதான். கூலி வேலைக்குப் போகிற ஒருத்தர் காலையில் குளிக்கப் போய் விழுந்துவிட்டால், அந்தக் குடும்பத்துக்கு ஆகும் நஷ்டத்தை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது.