சிரிப்பு யார் பக்கம்?

"வெறும் வேடிக்கைதானே! சிரித்துவிட்டு மறந்துவிட வேண்டியதுதானே!" என்கிறார்கள். தொலைக்காட்சியிலே தொடராக வரும் நகைச்சுவை நாடகங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், படித்தவர்களே தரும் பதில் இது. ஆளை மாற்றி எண்ணுவது, அசடு வழிவது, அகப்பட்டு விழிப்பது எல்லாம் தற்செயலாம்! தற்செயலா? விதியின் விளையாட்டா? இல்லை, தோழர்களே! காரணமின்றிக் காரியமில்லை.

இங்கிலாந்தின் பிபிசி நிறுவனம், 1975இல் ஆறும் 1979இல் ஆறுமாகப் பன்னிரண்டே பகுதிகள் ஒளிபரப்பிய நாடகம் 'ஃபால்டி டவர்ஸ்'. ஜான் கிளீசும் கோனி பூத்தும் எழுதியது. டார்க்கி என்னும் கடற்கரை நகரில் ஓட்டல் நடத்தும் பேசில் என்பவனே கதையின் நாயகன்.

முதற்பகுதியிலே, மெல்பரிப் பிரபு என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வருகிறான். பட்டத்தைக் கேட்டதும் பேசிலின் முதுகு வளைகிறது! ஏற்கெனவே அமர்ந்திருந்த குடும்பத்தை எழுப்பி அந்த இடத்தைப் பிரபுவுக்குத் தருகிறான். காசோலைக்குப் பணம் தர முந்துகிறான். பாமரர் பேச்சுப் பேசும் மற்றொரு விருந்தினரையோ ஏளனம் செய்கிறான். முடிவு என்ன? பிரபு எத்தன்! ஏளனத்துக்கு ஆளானவர் துப்பறியும் காவலர்! பிரபுவின் பெட்டியைத் திறந்தால் உள்ளே செங்கல்!

வேறொரு பகுதியிலே, ஓட்டல்களைச் சோதிக்கும் அதிகாரி என்று எண்ணி ஒருவரிடம் குழைகிறான். வந்தவரோ கரண்டி விற்பவர்!

இவை விதியின் வேலையா? வந்தவர் அனைவரையும் ஒருபோல மதித்திருந்தால், யார் பிரபு, யார் பாமரர் என்னும் குழப்பத்துக்கே இடமேது? மேலோனுக்கு ஒரு முகம், கீழோனுக்கு ஒரு முகம் என்று இரண்டு முகம் வைத்திருப்பவனுக்கன்றோ எதை எவரிடம் காட்டுவது என்ற தடுமாற்றம்! அந்தத் தடுமாற்றத்தைக் கண்டு வயிறு குலுங்கச் சிரிக்கலாம். அது போலிக் கௌரவத்துக்கு விழும் சவுக்கடி.

ஆனால், அதே நாடகத்தில் நாம் முகம் சுளிக்க வேண்டிய சிரிப்பும் உண்டு. பார்சிலோனாவிலிருந்து பிழைக்க வந்த பணியாள் மானுவல். ஆங்கிலம் சரிவரத் தெரியாது. சொன்னதைத் தவறாகப் புரிந்துகொள்கிறான், அடி வாங்குகிறான், அவையோர் சிரிக்கின்றனர். அந்நிய மொழியில் தடுமாறுவது குற்றமா? அந்த வேடம் பூண்ட ஆண்ட்ரூ சாக்ஸ் யார்? பெர்லினில் பிறந்து, நாஜிக் கொடுமைக்குத் தப்பி, 1938இல் குடும்பத்தோடு இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தவர்!

இந்த நாடகத்தை ஸ்பானிய மொழிக்கு மாற்றியபோது, மானுவலை இத்தாலியனாக்கிவிட்டனர். வெறும் வேடிக்கை என்றால் ஏன் மாற்ற வேண்டும்? தன் வீட்டுப் பிள்ளை அடிபட்டால் கண் கலங்கும். அடுத்த வீட்டுப் பிள்ளை அடிபட்டால் கைதட்டலாம் போலும்!

"அடிப்பவனைத்தானே ஆசிரியர்கள் கேலி செய்கிறார்கள்?" என்று கேட்கலாம். நோக்கம் அதுவே, மறுக்கவில்லை. ஆனால் நோக்கம் மட்டும் போதுமா? அமெரிக்காவில் 1971இல் தொடங்கிய 'ஆல் இன் தி ஃபேமிலி' நாடகத்தில், இனவெறி பேசும் ஆர்ச்சி பங்கரை நகைப்புக்குரியவனாகவே படைத்தனர். நீல் விட்மாரும் மில்டன் ரோக்கீச்சும் 1974இல் வெளியிட்ட ஆய்வு கண்டது என்ன? தப்பெண்ணம் மிகுந்தவர்கள் ஆர்ச்சியையே மெச்சினர்! எய்தவர் குறி ஒன்று, அம்பு தைத்த இடம் வேறொன்று.

ஆகவே, இளைஞர்களே, சிரிக்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சிரிப்பைத் தடுப்பது சர்வாதிகாரியின் வேலை. சிரித்த பின்னர் ஒரு வினாடி நின்று கேளுங்கள்: இப்போது தலைகுனிந்தது எது? ஆணவமா? அல்லது ஏழையின் அறியாமையா? ஆணவம் என்றால் இன்னும் உரக்கச் சிரியுங்கள். ஏழை என்றால், சிரிப்பை நிறுத்துங்கள். பக்கத்தில் சிரிப்பவரையும் காரணம் கேளுங்கள்!