பர்ஸைத் திறக்காமல் ஒரு மாலை

பட்ஜெட் இடிக்கும்போது நாம் முதலில் எதை வெட்டுகிறோம்? அரிசியையா, ஸ்கூல் ஃபீஸையா? "இந்த மாசம் வெளியில எங்கயும் வேண்டாம்" என்று உலாவைத்தான் வெட்டுகிறோம். வீட்டுக்காரருக்கு ஆபீஸ் உண்டு, டீக்கடை உண்டு. குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம், தெரு. வெட்டுப்படுவது நம்முடைய பொழுதுதான்! ஆகவே சகோதரிகளே, செலவை வெட்டுங்கள், உலாவை வெட்டாதீர்கள்.

எங்கள் மதுரைக் கணக்கைச் சொல்கிறேன். இங்கே பார்க்கிற இடத்துக்குக் காசு அதிகம் போவதில்லை. வழிக்கும் வாய்க்கும்தான் போகிறது.

முதலில் வழி. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. எனக்கும் மகளுக்கும் அத்தைக்கும் பயணம் இலவசம். அவருக்கும் பையனுக்கும் மட்டும் டிக்கெட். "இன்னிக்கு நீதான்டா செலவாளி!" என்று அத்தை தன் பிள்ளையையே கேலி செய்வார்.

சரி, எங்கே போவது? ராணி மங்கம்மாளின் பழைய அரண்மனையில் 1959-ல் தொடங்கிய காந்தி மியூசியத்துக்கு அனுமதி இலவசம். காந்திஜி சுடப்பட்ட அன்று உடுத்தியிருந்த ரத்தக் கறை படிந்த துணி அங்கேதான் இருக்கிறது. அவர் அரை வேட்டிக்கு மாறியதும் 1921-ல் இதே மதுரையில்தான் என்று சொல்லிக் கூட்டிப் போங்கள். பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள்.

வெயில் காலமா? புது நத்தம் ரோட்டில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள். குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. அவர்கள் படக்கதையில் மூழ்கியிருக்க, நாமும் ஒரு நாவலைக் கையில் எடுக்கலாம். வீட்டில் அது நடக்கிற காரியமா?

சாயங்காலக் காற்றுக்கு வண்டியூர் தெப்பக்குளம் போதும். திருமலை நாயக்கர் இதைத் தோண்டியபோது கிடைத்தவர்தான் மீனாட்சி கோயில் முக்குறுணிப் பிள்ளையார் என்று சொல்வார்கள். படியில் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொன்னால், அடுத்த வாரம் கோயிலுக்குப் போய் அவரைப் பார்க்க வேண்டும் என்று குழந்தைகளே கேட்பார்கள். நவராத்திரி வந்துவிட்டால் கோயிலில் கொலு, கச்சேரி. சித்திரையில் தேரும் அழகரும். கேட்கவே வேண்டாம்!

இனி வாய். தெப்பக்குளத்தைச் சுற்றிக் கடைகள் வரிசை கட்டி நிற்கும். அங்கே போய் "வேண்டாம்" என்றால் அழுகைதான். கிளம்பும் முன்பே வீட்டில் பேசிவிடுங்கள்: ஆளுக்கு ஒரு பண்டம், அவ்வளவுதான். வயிற்றுக்குப் புளியோதரையும் வறுத்த கடலையும் கையில் இருக்கட்டும்.

கடைசியாக, ரொம்ப முக்கியமான ஒன்று. காசு மிச்சமாகிறது என்று நாம் மதியமெல்லாம் அடுப்படியில் நின்று, திரும்பி வந்து பாத்திரமும் தேய்த்தால் அது இலவசமே இல்லை. அதற்கு நம் முதுகுதான் விலை. எங்கள் வீட்டில் சாதம் கிளறுவது நான். பாட்டிலில் தண்ணீர் பிடிப்பது பிள்ளைகள். வந்ததும் டப்பா கழுவுவது அவர். முதல் தடவை முணுமுணுப்பு இருந்தது. இப்போது, "ஞாயித்துக்கிழமை எங்க?" என்று அவரே முதலில் கேட்கிறார்.

உங்கள் ஊரில் காசில்லாமல் பார்க்க என்னென்ன உண்டு? எழுதுங்களேன், எல்லாரும் தெரிந்துகொள்ளலாம்.