சாவிக்கொத்து யார் இடுப்பில்?

என் பாட்டியின் இடுப்பில் எப்போதும் ஒரு சாவிக்கொத்துத் தொங்கும். சாமான் அலமாரிச் சாவி எல்லா மருமகள்களுக்கும் கிடைக்கும். உக்கிராண அறைச் சாவி மூத்த மருமகளுக்கு மட்டும். நகைப் பெட்டிச் சாவியோ யாருக்குமே கிடையாது! "கிழவிக்கு யார் மேலும் நம்பிக்கை இல்லை" என்று என் அம்மா உள்பட எல்லோரும் முணுமுணுப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், சென்ற தீபாவளி வரையில்.

என் நாத்தனார் மாம்பலத்தில் தீபாவளிப் பட்சணம் செய்து விற்கிறாள். கூட ஆறு பெண்கள், பொட்டலங்களைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு பையன். முன்பெல்லாம் ஆர்டர்களை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பாள். இப்போது கம்ப்யூட்டர் காலமாயிற்றே! பெரிய ஆபீஸ்களில் வேலைகளைப் பங்கிட்டு நடத்துவதற்கு டிரெல்லோ, ஆஸானா, ஜிரா என்றெல்லாம் ஸாஃப்ட்வேர்கள் இருக்கின்றன அல்லவா? அந்த ஜாதியில் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். திரையில் ஒரு பலகை. அதில் 'வந்த ஆர்டர்', 'அடுப்பில்', 'பாக்கிங்', 'போய்ச் சேர்ந்தது' என்று நாலு பத்திகள். ஒவ்வோர் ஆர்டருக்கும் ஓர் அட்டை. வேலை நகர நகர அட்டையும் நகரும். அவரவர் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

"எல்லோரையும் 'அட்மின்' என்று சேர்த்துவிட்டேன், மன்னி! நம்ம மனுஷாள்தானே, இதில் என்ன வித்தியாசம் பார்ப்பது?" என்று அவள் பெருமையாகச் சொன்னபோது நானும் தலையை ஆட்டினேன்.

தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கும்போது காலையில் டெலிபோன். "மன்னி! 43 ஆர்டரும் காணோம்!"

ஓடினேன். பாக்கிங் செய்கிற பெண் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். முடிந்துபோன ஆர்டர்களை ஒழுங்கு செய்யப் போய், விரல் தவறி, வந்த ஆர்டர் பத்தி முழுவதையும் அப்புறப்படுத்திவிட்டாளாம். நல்ல வேளை, அவை அழிந்து போகவில்லை. பழைய பாத்திரத்தைப் பரணில் போடுகிற மாதிரி 'ஆர்க்கைவ்' என்ற இடத்துக்குப் போயிருந்தன. பத்து நிமிஷத்தில் இறக்கிவிட்டோம். நிரந்தரமாக அழிக்கும் பொத்தானை அவள் தொட்டிருந்தால்? எல்லோருமே அட்மின் ஆயிற்றே, தடுக்க யார் இருக்கிறார்கள்?

தேடுகிறபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. பலகையின் உறுப்பினர் ஜாபிதாவில், பொங்கலோடு வேலையை விட்டுப் போன டெலிவரிப் பையன் பெயர் அப்படியே இருந்தது. அட்டைகளிலோ வாடிக்கைக்காரர்களின் விலாசம், போன் நம்பர் எல்லாம் இருக்கின்றன. ஒரு மாமி எழுதியிருந்தார்: "மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் வரவும். வீட்டில் நான் தனியாகத்தான் இருப்பேன்."

எனக்கு உடம்பு சில்லிட்டுவிட்டது. பையன் தங்கமான பையன்; ஒரு விபரீதமும் நடக்கவில்லை. ஆனால் அந்த மாமி அதை எழுதியது முறுக்கு வருவதற்காக; வேலையை விட்டுப் போனவர் பார்ப்பதற்காக அல்லவே!

'வீட்டுப் பெண்கள் விவரம் தெரியாமல் செய்தது' என்று யாரும் சிரிக்க வேண்டாம். 2018-ல் பிரிட்டன், கனடா அரசாங்க ஊழியர்களும் ஐக்கிய நாடுகள் சபை ஊழியர்களும் தங்கள் டிரெல்லோ பலகைகள் சிலவற்றை 'யாரும் பார்க்கலாம்' என்று திறந்து போட்டிருந்தது வெளியாயிற்று. பாஸ்வேர்டுகள்கூட அவற்றில் இருந்தன. கண்டுபிடித்தவர் பூட்டை உடைக்கவில்லை. கூகுளில் தேடினார், அவ்வளவுதான்! பலகையை யார் பார்க்கலாம் என்று கேட்கிற இடத்தில் தப்பாகத் தேர்ந்தெடுத்ததன் பலன்.

1975-ல் அமெரிக்க நிபுணர்கள் ஜெரோம் ஸால்ட்ஸரும் மைக்கேல் ஷ்ரோடரும் இதற்கு ஒரு விதி எழுதினார்கள்: ஒருவருக்குத் தம் வேலையைச் செய்து முடிக்க எவ்வளவு அதிகாரம் வேண்டுமோ அவ்வளவுதான் தரவேண்டும், ஒரு பிடி கூடக் கூடாது. என் பாட்டி இடுப்பில் கட்டிக்கொண்டிருந்ததும் அதே விதிதான்!

அன்று மாலையே உட்கார்ந்து பலகையைச் சீர் செய்தோம். அட்மின் இரண்டே பேர்: நாத்தனாரும், கணக்கு எழுதும் பெண்ணும். ஒருவர் மட்டும் என்றால் அவர் ஜுரத்தில் படுத்த அன்று காரியம் நின்றுவிடும். ஏழு பேர் என்றால் பூட்டே வேண்டாம். அடுப்படிப் பெண்கள் அட்டையை நகர்த்தலாம்; அழிக்க முடியாது. விலாசங்கள் தனிப் பலகைக்குப் போயின. கொண்டுபோய்க் கொடுப்பவரும் அட்மின்களும் மட்டும் அதைத் திறக்கலாம். ஒரே பாஸ்வேர்டை நாலு பேர் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் ஒழிந்தது. அவரவருக்குத் தனிக் கணக்கு இருந்தால்தானே எதை யார் மாற்றினார் என்று தெரியும்? வேலையை விட்டுப் போகிறவருக்குக் கடைசிச் சம்பளம் கொடுக்கிற அன்றே பெயரையும் எடுத்துவிட வேண்டும். அதோடு மூன்று மாதத்துக்கொரு தடவை ஜாபிதாவை வாசித்து, "இவருக்கு இது இன்னும் வேண்டுமா?" என்று கேட்டுக்கொள்வது.

மறு நாள் அந்தப் பாக்கிங் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "நான் தப்புப் பண்ணினதாலேதானே அக்கா, என் அதிகாரத்தை எடுத்துட்டீங்க?"

நாத்தனார் அவள் தோளில் கை வைத்தாள். "அசடே! இனிமேல் விரல் தவறினாலும் நீ அழ வேண்டாம். அதற்காகத்தான்."

பாட்டியின் பூட்டு நகைகளை மட்டும் காக்கவில்லை. ஏதாவது காணாமல் போனால் மருமகள்கள் மேல் பழி வராமலும் காத்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

எல்லோருக்கும் திருப்திதான், மாப்பிள்ளை ஒருவரைத் தவிர! அவருக்கு 'பார்க்க மட்டும்' அனுமதி. "என் வீட்டிலேயே எனக்கு அதிகாரம் இல்லையா?" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"ருசி பார்க்க அனுமதி உண்டு" என்று நாத்தனார் ஒரு தட்டு மிக்ஸரை நீட்டிய பிறகுதான் சமாதானமானார்!