துப்பாக்கிச் சாலையிலே பிறந்த தையல் யந்திரம்

ஒரு தொழிற்சாலைக்கு வயது முந்நூறுக்கு மேல் என்று கேள்விப்பட்டால், அது அத்தனை காலமும் ஒரே பொருளைச் செய்து வாழ்ந்திருக்கும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மை அதற்கு நேர்மாறானது. அரசரின் தேவை மாறும். மக்களின் விருப்பம் மாறும். நேற்று வேண்டிய பொருள் இன்று வேண்டாததாகும். இம்மாற்றங்களுக்கு ஈடுகொடுத்து நின்ற தொழிற்சாலைகள் மிகச் சில. அச்சிலவற்றுள் ஒன்று சுவீடன் தேசத்து ஹஸ்க்வார்னா கம்பனி.

அக்கம்பனி செய்த பொருள்களைக் கேளுங்கள்: போர்வீரரின் துப்பாக்கி, வேட்டைத் துப்பாக்கி, தையல் யந்திரம், அடுப்பு, இறைச்சி அரைக்கும் யந்திரம், துவிச்சக்கர வண்டி, மோட்டார் சைக்கிள், புல்வெட்டும் யந்திரம், மரம் அரியும் சங்கிலிவாள். இவையெல்லாம் ஒரே இடத்தில் பிறந்தவை என்றால் நம்புவது அரிது. ஆயினும் இவற்றுக்கிடையே பாலங்கள் உண்டு. அவற்றைக் கண்டறிவதே இவ்வாரம் நமது நோக்கம்.

சுவீடனின் தென்பகுதியில் வெட்டெர்ன் என்றொரு பேரேரி உண்டு. அதன் தென்கரையில், தீப்பெட்டித் தொழிலுக்குப் பேர்போன யொன்செப்பிங் நகருக்கு அண்மையில், மலைச்சரிவிலே வேகமாக இறங்கி ஏரியிற் கலக்கும் ஆறு ஒன்று ஓடுகிறது. 1689ஆம் ஆண்டில், பதினோராம் சார்ள்ஸ் மன்னர் ஆட்சிக் காலத்தில், அவ்வாற்று நீர்வீழ்ச்சியின் அருகே அரசாங்கத் துப்பாக்கிச் சாலை நிறுவப்பட்டது. நீர்வீழ்ச்சியை நாடியதற்குக் காரணம் அழகன்று; ஆற்றல். அக்காலத்தில் இரும்புத் தகட்டை ஒரு கம்பியைச் சுற்றி வளைத்து, பழுக்கக் காய்ச்சி, அடித்து ஒட்டியே துப்பாக்கிக் குழலை உருவாக்கினர். பின்னர் அதன் உட்புறத்தைத் துளைகருவியாற் கடைந்து சீராக்கவேண்டும். இது மனிதக் கையால் ஆகாத வேலை. நீர்ச்சக்கரமே துளைகருவியைச் சுழற்றியது. குழல் இம்மியளவு கோணினாலும் குண்டு குறிதவறும். ஆகவே நுட்பமாக அளந்து கடையும் பழக்கம் அவ்வூர்த் தொழிலாளரின் கைகளிலே தலைமுறை தலைமுறையாக ஊறிற்று.

1757இல் இச்சாலை தனியார் கைக்கு மாறியது. 1867இல் பங்குக் கம்பனியாயிற்று. அவ்வேளையில் சுவீடன் படைக்குப் புதுமுறைத் துப்பாக்கிகள் தேவைப்பட்டன, வேலை மலிந்திருந்தது. ஆனால் படையினர் அனைவரும் புதுத் துப்பாக்கி பெற்றுவிட்டால் அப்புறம் யாது செய்வது? 1870ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அந்நிலை வந்தே விட்டது. அரசாங்கக் கட்டளைகள் குறைந்தன. விலையுயர்ந்த யந்திரங்கள் சும்மா நின்றன. ஊரெங்கும் துப்பாக்கித் தொழிலையே நம்பிய குடும்பங்கள். பாட்டன் செய்த தொழிலைப் பேரனும் செய்துவந்த குடும்பங்கள். சாலையை மூடினால் ஊரே பட்டினி.

அந்நேரத்தில் கம்பனியை நடத்தியோர் முன் இரண்டு கேள்விகள் நின்றன. 'துப்பாக்கியை வேறு யாருக்கு விற்கலாம்?' என்பது ஒன்று. 'இந்த யந்திரங்களும் இந்தக் கைகளும் வேறு எதைச் செய்ய வல்லன?' என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்குக் கிடைத்த விடைதான் தையல் யந்திரம்.

துப்பாக்கிக்கும் தையல் யந்திரத்துக்கும் என்ன உறவு என்று வியக்கவேண்டாம். இரண்டிலும் சிறு சிறு உருக்குத் துண்டுகள் ஒன்றோடொன்று பிசகின்றிப் பொருந்தவேண்டும். ஊசி கீழிறங்கும் கணமும் நூலைப் பற்றும் கணமும் சிறிது தவறினாலும் தையல் விழாது. துப்பாக்கியின் விசைப் பொறியைச் செய்தவனுக்கு இது புதிய வித்தையன்று. அமெரிக்காவில் ரெமிங்டன் துப்பாக்கிக் கம்பனியும் இவ்வாறே தையல் யந்திரம் செய்தது. 1873இல் தட்டச்சு யந்திரத்தையும் செய்யத் தொடங்கிற்று. நம் நாட்டு வீதிகளில் ஓடிய பி.எஸ்.ஏ. துவிச்சக்கர வண்டியின் பெயரே 'பேர்மிங்காம் சிறுபடைக்கலம்' என்பதன் சுருக்கந்தான். அதன் சின்னத்திலே மூன்று துப்பாக்கிகள் சாய்ந்து நிற்பதை மூத்த வாசகர் பலர் கண்டிருப்பர்.

1872இல் வெளிவந்த ஹஸ்க்வார்னாவின் முதல் தையல் யந்திரத்துக்கு 'வடமீன்' என்று பொருள்படும் பெயர் இடப்பட்டது. அது பெரும் வெற்றி பெறவில்லை. அதனால் அவர்கள் முயற்சியைக் கைவிடவுமில்லை. 1883இல் வந்த 'பிரேயா' என்னும் யந்திரமே நற்பெயர் ஈட்டியது. புதுத்துறையிற் காலூன்றப் பதினொரு வருடங்கள் சென்றன என்பதை நாம் மறத்தலாகாது.

ஒரு வாயில் திறந்தபின் அடுத்தவை எளிதிற் திறந்தன. தையல் யந்திரத்தின் உடற்பகுதி வார்ப்பிரும்பாலானது. இரும்பை வார்க்கத் தெரிந்தவர்கள் 1874 அளவிலே அடுக்களைச் சாமான்களையும் வார்க்கத் தொடங்கினர். அவற்றுள் இறைச்சி அரைக்கும் சிறு யந்திரம் உலகெங்கும் சென்றது. காலப்போக்கில் ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. வீரத்துக்குப் பேர்பெற்ற துப்பாக்கியிலும், கைப்பிடியைச் சுற்றி அரைக்கும் இவ்வெளிய பொருள் அதிக வீடுகளிற் புகுந்தது எனலாம்.

குழல் செய்யத் தெரிந்த கைகள் 1896இல் துவிச்சக்கர வண்டி செய்தன. அவ்வண்டியில் என்ஜினைப் பூட்டியபோது, 1903இல், மோட்டார் சைக்கிள் பிறந்தது. தொடக்கத்தில் என்ஜின்களைப் பிறநாட்டிலிருந்து வாங்கினர். பின்னர் தாமே செய்தனர். அரைநூற்றாண்டின்பின் துவிச்சக்கர வண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மவுசு குறைந்தது. மீண்டும் பழைய கேள்வி எழுந்தது. சுவீடனோ காடு நிறைந்த தேசம். சிறு என்ஜின் செய்யும் அறிவைக் காட்டுக்குக் கொண்டுசென்று, 1959இல் சங்கிலிவாள் செய்தனர். அவ்வாளின் ஓயாத அதிர்வு மரந்தறிப்போரின் விரல்களிலே இரத்த ஓட்டத்தைக் கெடுத்து, அவற்றை வெளுத்து மரத்துப்போகச் செய்தது. 1969இல் அதிர்வைத் தணிக்கும் அமைப்பையும், 1973இல் ஆபத்து நேரத்திற் சங்கிலியைத் தானே நிறுத்தும் தடையையும் சேர்த்தனர். 1995இல் மனிதர் தள்ளாமலே சூரிய ஒளியால் ஓடும் புல்வெட்டி வெளிவந்தது.

எல்லாவற்றையும் அவர்கள் காத்துவைக்கவில்லை என்பதும் உண்மை. 1978இல் எலெக்ட்ரோலக்ஸ் கம்பனி அதனை வாங்கியது. மோட்டார் சைக்கிள் தொழில் 1987இல் இத்தாலியருக்கு விற்கப்பட்டது. துப்பாக்கித் தொழிலும் நின்றுபோயிற்று. தையல் யந்திரப் பிரிவு தனியே பிரிந்து, நாம் நன்கறிந்த சிங்கர் யந்திரத்துடன் 2006இல் ஒரே நிறுவனத்தின்கீழ் வந்தது. அவ்வாண்டிலேயே ஹஸ்க்வார்னாவும் எலெக்ட்ரோலக்ஸிடமிருந்து விலகித் தனிக்கம்பனியாயிற்று. எந்தப் பொருளுக்காகத் தொடங்கப்பட்டதோ அப்பொருள் போய்விட்டது, கம்பனி இருக்கிறது. அதன் சின்னமாகிய கிரீடம் போன்ற வடிவம் மட்டும், குழல்முனைப் பக்கமிருந்து பார்க்கும் துப்பாக்கிக் குறிகாணியைக் காட்டிப் பழைய கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இக்கதையைப் பரீட்சை முடிவுகளை எதிர்பார்த்திருக்கும் வீடுகளுக்காகவே எழுதினேன். நம் பிள்ளைகளிடம், "நீ வைத்தியனாவாயா, பொறியியலாளனாவாயா?" என்று பொருளின் பெயரையே கேட்கிறோம். பல்கலைக்கழக வாயில் திறக்காவிடின், கற்ற பத்துப் பன்னிரண்டு வருடமும் வீணாயிற்று என்று தாயும் தந்தையும் கலங்குகின்றனர். அக்கலக்கத்தைக் கண்ட பிள்ளை தன்னையே வெறுத்துவிடுகிறான். அவன் கற்றது உண்மையில் வீணா? பிழையின்றிக் கணக்கிடவும், ஒரு விஷயத்தை ஒழுங்காக எழுதிக்காட்டவும், தெரியாததை நூலிலே தேடி அறியவும் அவன் பழகியிருந்தால், நீர்வீழ்ச்சியோரத்துத் தொழிலாளியின் கைத்திறம் போன்ற ஒன்று அவனிடம் உண்டு. அது ஒரே உத்தியோகத்துக்கு உரியதன்று. பெறுபேற்றுக்காக மட்டும் மனனஞ் செய்திருந்தாலோ, பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியேறும்போதே கையிருப்பும் தீர்ந்துவிடும்.

ஆகவே பெற்றோரே, விரும்பிய கதவு மூடப்பட்ட நாளில் பிள்ளையைக் கடிந்துகொள்ளாமல், அவனருகே அமர்ந்து, "உன்னாற் செய்ய முடிந்தவை எவை?" என்று கேளுங்கள். விடை ஒரே நாளிற் கிடைக்காது. பிரேயா வருவதற்கும் பதினொரு வருடங்கள் ஆயின.