காஸ் அடிப்பது மட்டும் வைத்தியம் அல்ல

கொஞ்சம் நீளமான பதிவு. வாகனம் வைத்திருப்பவர்களும், பிள்ளைகளை வேனில் பாடசாலைக்கு அனுப்புபவர்களும் கடைசி வரை வாசியுங்கள்.

வெயில் காலம் வந்தால் நம்மட கரையோர ஊர்களில் ஒரே கதைதான். ஏசி குளிரவில்லை என்று வாகனத்தைக் கொண்டுபோனால், பொனட்டைத் திறக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது: “காஸ் குறைஞ்சிருக்கு காக்கா, அடிச்சா சரி.” காசு கைமாறுகிறது. இரண்டு மாதம் குளிர்கிறது. பிறகு அதே கராஜ், அதே வசனம், அதே பில்.

விஞ்ஞானம் படிப்பிக்கிற நாங்கள் வகுப்பில் சொல்வதையே இங்கும் சொல்கிறோம். ஏசி காஸ் பெற்றோல் அல்ல, எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் திரவமாகவும் வாயுவாகவும் மாறி மாறிச் சுற்றி, உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே கொண்டுபோய் விடுவதே அதன் வேலை. பல வருடங்களில் சீல், ரப்பர் குழாய் வழியாகச் சிறிதளவு குறையலாம். இரண்டு மாதத்தில் தீர்ந்தால் ஓட்டை இருக்கிறது. ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கூலி கேட்பதை வைத்தியம் என்பதா?

குளிராததற்கெல்லாம் காஸும் காரணம் அல்ல. காற்றே குறைவாக வந்தால் முதலில் கெபின் பில்டரைப் பாருங்கள். பல வாகனங்களில் அது டேஷ்போர்ட் பெட்டிக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது சூடானால் கன்டென்சர் பேனைச் சந்தேகியுங்கள். காற்று நன்றாக வந்தும் குளிர் இல்லையென்றால் கம்ப்ரெஸர் இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். சில வேளை ஒரு பியூஸ் அல்லது ரிலேதான் போயிருக்கும். இவை ஒன்றையும் பார்க்காமல் காஸ் போத்தலைத் தூக்குபவர் மெக்கானிக் அல்ல, வியாபாரி.

கடற்காற்றின் உப்பு கன்டென்சரின் அலுமினியத்தை அரிக்கும். ஆகவே கரையோர ஊர்களில் ஓட்டை தேடுவது இன்னும் முக்கியம். காஸோடு ஒயிலும் சுற்றுவதால், கசியும் இடத்தில் பெரும்பாலும் ஒயிலும் தூசியும் ஒட்டியிருக்கும். காஸும் ஒயிலும் குறைந்த நிலையில் தொடர்ந்து ஓடினால் கம்ப்ரெஸர் தேய்ந்து சாகும். பிறகு வரும் பில்லை வேன்காரர் எங்கே போடுவார்? பெற்றோரின் மாதக் கட்டணத்தில்தான். இல்லையென்றால் பிள்ளைகள் மத்தியான வெயிலில் வேகுவார்கள்.

கசிந்த காஸ் எங்கே போகிறது? பெரும்பாலான வாகனங்களில் உள்ள ஆர்-134ஏ, ஓசோனைக் கெடுத்த பழைய ஆர்-12க்குப் பதிலாக வந்தது. ஆனால் புவியைச் சூடாக்குவதில் அது காபனீரொட்சைட்டை விட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலியது. அதனால்தான் 1987 மொன்ட்ரியல் உடன்படிக்கையில் 2016இல் கிகாலி திருத்தம் சேர்க்கப்பட்டது. நம்மட வாகனத்தைக் குளிர்விக்க ஊரையே சூடாக்குகிறோம்.

“ஓட்டை பார்க்கக் காசு கேட்டா ஆக்கள் தர மாட்டாங்க” என்கிறார்கள் மெக்கானிக்மார். அதில் நியாயம் இருக்கிறது. தேடுவதும் உழைப்புத்தான், அந்தக் கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்க வேண்டும். ஆனால் கேட்காமலே மறைப்பது அமானிதம் ஆகாது.

இனி கராஜில் நான்கு விடயங்களைக் கேளுங்கள்.

1. ஓட்டை இருக்கிறதா என்று நைட்ரஜன் அழுத்தத்தாலோ சாயத்தாலோ பார்த்தீர்களா?
2. காஸ் நிரப்பும் முன் வெக்யூம் போட்டு, அது நிற்கிறதா என்று பார்த்தீர்களா?
3. பொனட்டின் கீழ் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் அதே வகை காஸை, அதே கிராம் அளவில், தராசில் வைத்து நிரப்பினீர்களா? கூடினாலும் குளிராது.
4. ஹைபிரிட் என்றால், அதன் மின் கம்ப்ரெஸருக்கு உரிய ஒயிலைத்தானே போட்டீர்கள்? பிழையான ஒயில் மின்காப்பைக் கெடுக்கும்.

பதில் சொல்பவரிடம் வாகனத்தைக் கொடுங்கள். கேட்ட கூலியையும் கொடுங்கள். கேள்விக்கே கோபப்படுபவரிடம் சாவியைத் திருப்பி வாங்குங்கள். பத்துப் பேர் கேட்டால் ஒரு கராஜ் திருந்தும். நூறு பேர் கேட்டால் ஊரே திருந்தும்.

வேன் வைத்திருக்கும் சகோதரர்களுக்கு இதைப் பகிருங்கள்.