குளிர்ந்த வீட்டுக்கு எவ்வளவு வாடகை?

நம் பங்குகளிலிருந்து செவிலியராகவும் பொறியாளராகவும் இங்கிலாந்து சென்ற பிள்ளைகள் சிலர், முதலில் வாடகைக்குக் குடியிருந்து, பின்பு சொந்த வீடு வாங்கி, இரண்டாவது வீட்டையும் வாங்கி வாடகைக்கு விடும் நிலைக்கு உயர்ந்துள்ளனர். மகிழ்ச்சியே. அப்படிப்பட்ட ஒரு மகனின் தந்தை கேட்கிறார்: “வாடகைக்கு விட ஆற்றல் திறன் சான்றிதழ் வேண்டுமாம். இது வீண் செலவு அல்லவா, சுவாமி?”

வீண் செலவன்று, அன்பரே. குளிர் நாட்டில் ஒரு வீடு வெப்பத்தை எவ்வளவு காத்து வைக்கிறது என்பதை மதிப்பீட்டாளர் நேரில் பார்த்து, ‘ஏ’ முதல் ‘ஜி’ வரை ஏழு தரங்களுள் ஒன்றை அளிக்கிறார். சான்றிதழ் 10 ஆண்டுகள் செல்லும். குடிவருவோருக்கு அதன் படியை இலவசமாகக் கொடுக்க வேண்டும். ‘இ’ தரத்துக்குக் கீழான வீட்டை வாடகைக்கு விடலாகாது என்ற விதி, இங்கிலாந்திலும் வேல்சிலும் 2018 ஏப்ரல் முதல் புதிய வாடகைகளுக்கும், 2020 ஏப்ரல் முதல் பழைய வாடகைகளுக்கும் வந்தது. மீறுவோருக்கு 5,000 பவுன் வரை அபராதம்.

இதற்குச் சட்டம் எதற்கு? பரணுக்கு வெப்பக் காப்பு இடும் செலவு வீட்டுக்காரருடையது. எரிவாயுக் கட்டணம் குறைவதோ குடியிருப்பவருக்கு. தமக்கு ஆதாயமில்லாத செலவை யார்தான் விரும்பிச் செய்வர்?

விலக்கும் உண்டு. 3,500 பவுன் வரை செலவிட்டும் தரம் உயராவிடில், பதிவேட்டில் பதிந்து ஐந்தாண்டு விலக்குப் பெறலாம் என்று அவ்விதி வகுத்தது. சட்டம் அத்துடன் திருப்தியடைகிறது. ஆனால் விலக்குப் பெற்ற குளிர்ந்த வீட்டுக்கு, கதகதப்பான வீட்டின் வாடகையையே கேட்பது நீதியாகுமா? ஆகாது என்பதே என் கருத்து. அடகு வாங்கிய ஏழையின் போர்வையைக் கதிரவன் மறையுமுன் திருப்பித் தரச் சொல்கிறது இணைச்சட்ட நூல். அவன் அதைப் போர்த்தித்தான் உறங்க வேண்டும். புது வீடு கட்டுபவன் மாடியில் கைப்பிடிச்சுவர் வைக்க வேண்டும் என்பதும் அந்நூலின் கட்டளையே. விழுந்தவனின் இரத்தப்பழி வீட்டுக்காரன்மேல் வரும்.

இரத்தப்பழி என்பது பெரிய சொல்தான். எனினும் 2020 டிசம்பரில் ராச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்ததற்கு, வாடகை வீட்டுச் சுவரில் நெடுநாள் படர்ந்திருந்த பூஞ்சணமே காரணம் என 2022இல் மரண விசாரணை முடிவு கூறியது. பெற்றோர் முறையிட்டும் பயனில்லை. அக்குழந்தையின் பெயரால் அமைந்த சட்டம், சமூக வாடகை வீடுகளில் ஈரத்தையும் பூஞ்சணத்தையும் குறித்த காலத்துள் கவனிக்க வேண்டுமென 2025 அக்டோபர் முதல் கட்டாயப்படுத்துகிறது.

முறையிடவே அஞ்சுவோரும் இருந்தனர். காரணம் கூறாமலே குடியிருப்போரை வெளியேற்ற 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு இடந்தந்தது. அப்பிரிவை 2026 மே முதல் நீக்க 2025இல் சட்டம் இயற்றப்பட்டது.

ஆகவே, தந்தையே, மகனுக்கு இவ்வாறு எழுதுங்கள். சான்றிதழிலேயே செய்யத்தக்க பணிகள் குறிக்கப்பட்டிருக்கும், பரணிலிருந்து தொடங்கட்டும். காற்றுப் புகும் இடுக்குகளை அடைத்துவிட்டுக் குளியலறைக் காற்றோட்டத்தை மறந்தால் பூஞ்சணம் வளரும்; அதைச் சான்றிதழின் தரம் காட்டாது. ஆதலால் சுவர் கறுத்திருக்கிறது என்று குடியிருப்பவர் சொன்னால், அந்த வாரமே போய்ப் பார்க்கட்டும்.